1331 சிசி ஸ்டார்லெட்டுக்கு எந்த டர்போ? குறைந்த ஆர்பிஎம்மிலேயே இழுவை வேணும்

கல்லடி_ஸ்டார்லெட்:
எல்லாருக்கும் வணக்கம். வண்டி ஈபி82 ஸ்டார்லெட், 4ஈ-எஃப்டிஈ எஞ்சின். டர்போ கொம்பனிக்காரன் போட்ட சிடி9தான், இன்டர்கூலர் (அமுக்கின காத்தைக் குளிராக்கிறது) எஞ்சினுக்கு மேல இருக்கிற பழைய சின்னது. அடிக்கிறது ஒக்டேன் 95. சிடி9இன் தண்டு ஆட்டம் கண்டுட்டுது, எப்படியும் மாத்தத்தான் வேணும். மாத்துற செலவோட செலவா 200 குதிரைவலுவுக்குப் போகலாமா எண்டு ஒரு யோசனை. ஆனா வண்டி தினமும் ஓடுறது மட்டக்களப்பு – கல்முனை றோட்டில. அக்சிலரேட்டரை மிதிச்ச உடனே இழுக்கவேணும், 4500 வரைக்கும் காத்துக்கொண்டு இருக்க ஏலாது. ஜிடி2860ஆர்எஸ் ஒண்டு விலைக்கு வருது. போடலாமா?

வாவிக்கரை:
தம்பி, 2860ஆர்எஸ் வேண்டாம். கரெட் காரனே அதை 1.8 லீற்றரில இருந்து 3 லீற்றர் வரைக்குமான எஞ்சினுக்குத்தான் சொல்றான். 1.3இல பூட்டினால் நீங்க ஓடுற றோட்டில அது சுத்தவே தொடங்காது.

முதல்ல எந்த ஆர்பிஎம்மில வண்டி ஓடுது எண்டு பாருங்க. ஏ4இல கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, மருதமுனை எண்டு ஊர் விட்டா ஊர். ஊருக்குள்ள 50, வெளியில 70. ஸ்டார்லெட் கியர்பெட்டியில நாலாம் கியர்ல 60 போகும்போது எஞ்சின் 2000 – 2200ல நிக்கும், மூண்டாம் கியர்ல 2700க்குக் கிட்ட. முந்திப் போகக் கியர் குறைச்சால் 3500 – 4000. அப்ப இந்த வண்டியில டர்போ வேலை செய்யவேண்டிய இடம் 2500க்கும் 5000க்கும் நடுவில. 6500ல என்ன வருது எண்டது ரெண்டாம் பட்சம்.

"உடனே இழுக்கவேணும்" எண்டு எல்லாரும் சொல்றதுக்குள்ள ரெண்டு வேற வேற விசயம் கிடக்கு. ஒண்டு, எத்தனை ஆர்பிஎம்முக்குப் பிறகு டர்பைனை (புகைக்காத்தில சுத்தி, காத்தை அமுக்கிற கம்ப்ரசரைத் திருப்புற சக்கரம்) சுத்துற அளவு புகைக்காத்து வரும் எண்டது. அதுக்குக் கீழ நீங்க எவ்வளவு மிதிச்சாலும் பூஸ்ட் (டர்போ கூட்டிக் குடுக்கிற காத்தமுக்கம்) வராது, ஏனெண்டா அந்த எஞ்சின் அந்த வேகத்தில அவ்வளவு காத்தை விழுங்கவே இல்லை. மத்தது, போதிய ஆர்பிஎம்மில ஓடிக்கொண்டு இருக்கும்போது மிதிச்சா பூஸ்ட் ஏற எடுக்கிற நேரம். முதலாவதைத் தீர்மானிக்கிறது டர்பைன் வீட்டின்ர (டர்பைனைச் சுத்தி இருக்கிற கூடு) அளவும் எஞ்சின்ர சிசியும். ரெண்டாவதைத் தீர்மானிக்கிறது சுத்துற பாகத்தின்ர பாரம், லீக், வேஸ்ட்கேட் (மிஞ்சின புகையை டர்பைனில படாம வெளியால விடுற தட்டு) கட்டுப்பாடு, ஈசியூ மெப் (எஞ்சின் கொம்பியூட்டர்ல இருக்கிற அட்டவணை). இந்த ரெண்டையும் ஒண்டாக் குழப்பினால் காசு பிழையான இடத்துக்குப் போகும்.

செங்கலடிச்_சந்தி:
200 வேணுமெண்டா ஜிடி2554ஆர் போடலாமே. போல் பெயரிங், 170 – 270 குதிரைவலு. போல் பெயரிங் எண்டா லேக் (பூஸ்ட் ஏறப் பிந்துறது) குறையும்.

வாவிக்கரை:
பெயரைப் பிரிச்சுப் பாருங்க. 25 டர்பைன் குடும்பம், 54 கம்ப்ரசர் சக்கரத்தின்ர வெளி விட்டம் மி.மீ.இல, ஆர் எண்டது போல் பெயரிங். அதின்ர டர்பைன் சக்கரம் 53 மி.மீ. எஞ்சின் அளவு 1.4இல இருந்து 2.2 எண்டு போட்டிருக்கு, 1331 சிசி அதுக்கும் கீழ. போல் பெயரிங் உராய்வைக் குறைக்கும், அதை நான் மறுக்கேல்ல. ஆனா சக்கரத்தின்ர சடத்துவம் விட்டத்தின்ர ஐந்தாம் அடுக்கோட ஏறும், வடிவமும் உலோகமும் ஒண்டாக இருந்தா. 47 மி.மீ. சக்கரத்தை 52 ஆக்கினா 1.66 மடங்கு. அஞ்சு மில்லிமீற்றருக்கு இவ்வளவு. டர்பைன் சக்கரம் நிக்கல் கலப்புலோகம், கம்ப்ரசர் சக்கரம் அலுமினியம், அதால பாரத்தில பெரும்பங்கு சூடான பக்கத்திலதான். பெயரிங்ல மிச்சம் பிடிக்கிறதைச் சக்கரத்தில திருப்பிக் குடுத்திடுவீங்க. 200க்கு மேல தேவைப்படுற 1.6 – 1.8 எஞ்சினுக்கு 2554ஆர் அருமையான சாமான். இந்த வண்டிக்கு இல்லை.

இப்ப கணக்கு. 4ஈ-எஃப்டிஈ வரும்போதே 135 பிஎஸ் 6400ல, 157 நியூட்டன் மீற்றர் 4800ல. இலக்கை 160 குதிரைவலு எண்டு வைப்பம்.

தேவையான காத்து: குதிரைவலு × காத்து-பெற்றோல் விகிதம் × பெற்றோல் குணகம் (ஒரு குதிரைவலுவுக்கு மணிக்கு எத்தனை இறாத்தல் பெற்றோல்) ÷ 60. 160 × 12 × 0.55 ÷ 60 = 17.6 இறாத்தல் ஒரு நிமிசத்துக்கு, அதாவது 8 கிலோ.

எஞ்சின் 6500ல விழுங்கிற கனவளவு: 1.331 × 3250 × 0.9 = கிட்டத்தட்ட 3900 லீற்றர். இதுக்குள்ள 8 கிலோ காத்து இருக்கவேணுமெண்டா, இன்டேக் மனிஃபோல்ட்ல (எஞ்சினுக்குள்ள காத்துப் போற குழாய்) 54 பாகை வெப்பம் எண்டு வைச்சு, முழு அமுக்கம் 1.93 பார். பூஸ்ட் கேஜில 0.92.

இதே கணக்கை 180க்குப் போட்டா 9 கிலோ, பூஸ்ட் 1.16. 200 எண்டா அதுக்கும் மேல. ஒக்டேன் 95ல, எங்கட வெக்கையில, திறந்து உள்ளுக்குப் பலப்படுத்தாத எஞ்சின்ல 1.2 – 1.4 பாரைத் தினசரி ஓட்டத்துக்கு நான் சொல்லமாட்டன். நொக்கிங் (பெற்றோல் தானா வெடிக்கிறது) வந்தா முதல்ல உடையிறது பிஸ்டன்ல ரிங்குகளுக்கு நடுவில இருக்கிற மெல்லிய இடம். 160 – 165ல நிப்பாட்டுங்க. 900 கிலோவுக்குக் குறைஞ்ச வண்டிக்கு அது தாராளம்.

கல்லடி_ஸ்டார்லெட்:
நன்றி அண்ணா. 160 எண்டா சம்மதம். அப்ப எது?

கல்முனை_மெப்:
ரெண்டு வழி இருக்கு தம்பி.

ஒண்டு, சிடி9ஐயே நல்லாக் கட்டி 0.8 பாருக்கு ஓட்டுறது. 150க்குக் கிட்ட வரும், கீழ இழுவைக்கு அதை அடிக்க ஆளில்லை. ஆனா மேல மூச்சு முட்டும். சின்னக் கம்ப்ரசரை எல்லைக்குத் தள்ளினா அதின்ர வினைத்திறன் விழுந்து காத்தைச் சூடாக்கும். 38 பாகைக் காத்தை 2.07 மடங்கு அமுக்கினா, 72 சதவீத வினைத்திறனில வெளிய வாறது 137 பாகை. 60 சதவீதத்தில 156 பாகை. கேஜில அமுக்கம் ஒண்டுதான், உள்ள போற காத்தின்ர எடை குறைவு, நொக்கிங்கும் கூட.

ரெண்டாவது, மிட்சுபிஷியின்ர டிடி04எல்-13டி, 6 சதுர செ.மீ. டர்பைன் வீட்டோட (அந்த அளவு வீட்டுக்குள்ள புகை போற வழியின்ர பரப்பு, சின்னனா இருந்தா கெதியாச் சுத்தும்). சுபாரு இம்ப்ரெசா டபிள்யூஆர்எக்ஸ்ல 2 லீற்றருக்கு 220 குதிரைவலு அளவில வேலை செய்த டர்போ, 160க்கு இடம் தாராளமா இருக்கு. பிளேன் பெயரிங் (பந்து இல்லாம ஒயில் படலத்தில சுத்துறது), தண்ணி ஓட்டம் இருக்கு, சாமான் கிடைக்கும், றிப்பெயார் கிட்டும் கிடைக்கும். 5 சதுர செ.மீ. வீடு கிடைச்சா இன்னும் நல்லம், ஓட்டம் ஏ4இல எண்டபடியால்.

டிடி04எச்எல் எண்டு வொல்வோவில வாறதை எடுத்துப்போடாதீங்க, 15ஜி, 16டி எதுவா இருந்தாலும். 'எச்எல்' டர்பைன் சக்கரம் பெரிசு. அந்த எழுத்தைப் பார்க்காமல் "டிடி04தானே" எண்டு வாங்கினவங்கட வண்டி 4000க்குப் பிறகுதான் முழிக்கும்.

செங்கலடிச்_சந்தி:
சரி, 160க்கு 2554 பெரிசுதான். ஆனா 5 சதுர செ.மீ. வீடு மேல நெருக்காதா? பின்னமுக்கம் ஏறினா எஞ்சின்ல பழைய புகை தங்கி நொக்கிங் வருமே.

கல்முனை_மெப்:
நெருக்கும். எவ்வளவு எண்டதை அளக்கலாம். புகை வெளிய போற மனிஃபோல்ட்ல எட்டில் ஒரு அங்குல மரை வெட்டி, ஒண்டரை மீற்றர் செப்புக் குழாய் சுருட்டி இழுத்து (சூடு ஆறுறதுக்கு), கடைசியில சாதாரண அமுக்கக் கேஜ் பூட்டுங்க. 6000ல முழு மிதியில பூஸ்டும் பார்க்கவேணும், இதையும் பார்க்கவேணும். பூஸ்ட் 0.92 ஆக இருக்கும்போது புகை மனிஃபோல்ட் கேஜ் 1.8க்கு மேல போனால் சூடான பக்கம் சின்னன். 1.3 – 1.6க்குள்ள நிண்டா தெரு வண்டிக்கு நான் விடுவன். 5உம் 6உம் ரெண்டும் கையில கிடைக்குதெண்டா, இந்த எஞ்சினுக்கு 6500க்கு மேல போற எண்ணம் இல்லாட்டி 5. சந்தி சொன்ன பயம் நியாயமானது, அதுக்குத்தான் இலக்கை 160ல கட்டிப்போட்டது.

வாவிக்கரை:
கம்ப்ரசர் பக்கமும் ஒரு புள்ளி வைச்சுப் பாருங்க. 3000 ஆர்பிஎம்மில 0.9 பார் வந்தா எஞ்சின் விழுங்கிறது நிமிசத்துக்கு 3.5 கிலோ காத்து. கம்ப்ரசர் மெப்ல (காத்தின்ர அளவுக்கும் அமுக்க விகிதத்துக்கும் வினைத்திறனைக் காட்டுற படம்) அமுக்க விகிதம் 2க்கு நேர இந்த 3.5 எங்க விழுது? சேர்ஜ் கோட்டுக்கு இடப்பக்கம் எண்டா காத்து பின்னால அடிக்கும், முழு மிதியிலயே "குர் குர்" எண்டு கேக்கும், திரஸ்ட் பெயரிங் சாகும். 60 மி.மீ. கம்ப்ரசர்களைச் சின்ன எஞ்சின்ல போடாதீங்க எண்டு சொல்றதுக்கு லேக்கை விட இதுதான் பெரிய காரணம். 13டி சக்கரம் இந்த இடத்தில பிரச்சினை தராது. மேல போற பக்கம் 8 கிலோ, விகிதம் 2.07. இந்த ரெண்டு புள்ளிக்கும் நடுவில மெப்பின்ர நல்ல தீவு (வினைத்திறன் கூடின இடம்) கிடந்தா டர்போ பொருத்தம்.

அந்த 2.07 எப்படி வந்ததெண்டா: இன்டேக் மனிஃபோல்ட்ல 1.93, இன்டர்கூலர்லயும் குழாயிலயும் 0.08 இழப்பு, ஆக 2.01. உள்ளுக்க வாற பக்கம் பில்டர் இழுவையால 0.97. சம்மாந்துறை, அம்பாறைப் பக்கம் வெட்டுக் காலத்தில வைக்கோல் தூசு பில்டரை அடைச்சு உள்பக்கம் 0.92க்கு விழுந்தா விகிதம் 2.18. கேஜ் அதே பூஸ்டைக் காட்டும், டர்போ மட்டும் கூடச் சுத்தும், காத்தும் கூடச் சூடாகும். அந்த மாதங்களில பில்டரைக் கழட்டிப் பாருங்க. பில்டரை பம்பருக்குப் பின்னால வெளிக்காத்து வாற இடத்தில வையுங்க, மனிஃபோல்ட் பக்கத்தில தொங்கவிடாதீங்க.

கல்லடி_ஸ்டார்லெட்:
மேல இருக்கிற இன்டர்கூலர் போதுமா? முன்னுக்குப் பெருசு போட்டா குழாய் நீளம் கூடி லேக் வரும் எண்டு சொல்றாங்க.

வாவிக்கரை:
எஞ்சினுக்கு மேல கிடந்தா களுவாஞ்சிகுடிச் சந்தியில ரெண்டு நிமிசம் நிண்டாலே அது காத்தைக் குளிராக்காது, சூடாக்கும். முன்னுக்குப் போடுங்க.

குழாய்ப் பயத்தைக் கணக்கில பாருங்க. உள்விட்டம் 50 மி.மீ. குழாய் 2.5 மீற்றர் எண்டா 4.9 லீற்றர். 63 மி.மீ. எண்டா 7.8. வித்தியாசம் 3 லீற்றர். அதை 0.9 பாருக்கு நிரப்ப வேண்டியது 2.7 லீற்றர் வெளிக்காத்து. 3000ல எஞ்சின் விழுங்கிறது செக்கனுக்கு 28 லீற்றர், அமுக்கின காத்தாக. ஆக இந்தப் பயம் ஒரு செக்கன்ர பத்தில ஒண்டு, ரெண்டு அளவில. பெரிசா இல்லை, ஆனாலும் தேவையில்லாமல் ஏன் குடுக்கவேணும்? 8 கிலோ காத்து 50 மி.மீ. குழாயில போறது செக்கனுக்கு 40 மீற்றர் வேகத்திலதான், அது ஆறுதலான வேகம். அதால 50 போதும், 63 வேண்டாம். கோர் 60 – 65 மி.மீ. தடிப்பு, ரேடியேட்டர் முகத்தை முழுசா மூடாத உயரம். ரேடியேட்டர் பேன் நல்லா வேலை செய்யவேணும்.

குழாய் முனைகள்ல வளையம் ஏத்தி எடுங்க. வழுவழுப்பான முனையில சிலிக்கன் ஹோசைக் கிளிப் போட்டு இறுக்கினா, ஒயில் ஆவி பட்டு ஒரு நாள் கழண்டு பறக்கும்.

அக்கரை_ஒயில்:
புகை மனிஃபோல்ட் பத்தி ஆரும் சொல்லேல்ல. குழாய் வளைச்சு வெல்ட் பண்ணின நீள மனிஃபோல்ட் பார்க்க வடிவு, ஆனா இந்த வண்டிக்கு வேண்டாம். புகையின்ர சூடும் துடிப்பும்தான் டர்பைனைச் சுத்துறது. நீளக் குழாய் அந்தச் சூட்டை வெளிய விட்டுடும், பாரத்தால வெல்ட் வெடிக்கும். கட்டையான வார்ப்பிரும்பு மனிஃபோல்ட், டர்போ பிளாஞ்சுக்கு அளவானது, எடுங்க. போட்டுகளின்ர வாயும் கேஸ்கட்டின்ர வாயும் ஒண்டோட ஒண்டு பொருந்துதா எண்டு பாருங்க, படி இருந்தா அரைச்சு எடுங்க. முகத்தில நேர்ச்சட்டம் வைச்சு 0.1 மி.மீ. பீலர் தகடு நுழைஞ்சா தட்டையாக்கிப் பூட்டுங்க. கேஸ்கட் பல தட்டு ஸ்டீல். டர்பைனுக்கு முன்னால ஒரு சின்னப் புகை லீக் கிடந்தாலே பூஸ்ட் 300, 400 ஆர்பிஎம் பிந்தும். கேஸ்கட்டைச் சுத்திக் கறுப்புக் கரி படிஞ்சிருந்தா அதுதான் அடையாளம். குளிரான எஞ்சின்ல "டிக் டிக்" எண்டு கேட்டு, சூடானவுடன நிண்டுபோறதும் அதே.

டவுன்பைப் (டர்போவில இருந்து புகை வெளிய போற குழாய்) 2.5 அங்குலம் இந்த வலுவுக்குக் காணும். டர்பைன் வாயும் வேஸ்ட்கேட் வாயும் சேர்ந்து விழுற இடத்தில அகலமான வாய் வைச்சு, மெதுவா 2.5க்கு ஒடுங்கவேணும். கற்றலிட்டிக்கை (புகையைச் சுத்தமாக்கிற பெட்டி) எடுத்து எறியாதீங்க. நல்ல நிலையில இருக்கிற பெரிய செல் ஒண்டு போட்டா வலு போறது தெரியாது, வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனையும் செய்யவேணும்.

கடலோர ஆக்களுக்கு இன்னொண்டு. டவுன்பைப்புக்குத் துணி நாடா சுத்துற பழக்கம் இஞ்ச சரிவராது. உப்புக் காத்தும் மழைத் தண்ணியும் நாடாவுக்குள்ள நிண்டு சாதா இரும்பைத் தின்னும். செராமிக் பூச்சு குடுங்க, இல்லாட்டித் துருப்பிடிக்காத இரும்பில செய்து, தகட்டால ஒரு சூட்டு மறைப்பு வைச்சு, அதுக்கும் குழாய்க்கும் நடுவில ஒரு விரல் இடைவெளி விடுங்க. டர்பைன் வீட்டுக்குப் போர்வை போடலாம், அது வார்ப்பிரும்பு, பிரச்சினையில்லை. கல்லடி, சாய்ந்தமருது மாதிரிக் கடலை ஒட்டி வைச்சிருக்கிற வண்டியில இன்டர்கூலர் செட்டைகளும் உப்பால வெள்ளைப் பொடியாகும். கிழமைக்கு ஒருக்கா நல்ல தண்ணியால மெதுவாக் கழுவுங்க, பிரஷர் வோஷரைக் கிட்டப் பிடிக்காதீங்க.

கல்லடி_ஸ்டார்லெட்:
நானா, அண்ணா, எல்லாருக்கும் நன்றி. பாவிச்ச டிடி04எல் ஒண்டு வாங்கினால் எப்படிப் பார்க்கிறது?

அக்கரை_ஒயில்:
கையில எடுத்து இவ்வளவும் பாருங்க மனே.

கம்ப்ரசர் சக்கரத்தின்ர இதழ் நுனிகள்: வளைஞ்சிருந்தா, தேஞ்சு மழுங்கியிருந்தா விடுங்க. பில்டர் இல்லாம ஓடினது அது. தண்டை முன்னுக்குப் பின்னுக்குத் தள்ளி இழுங்க: டயல் கேஜில 0.1 மி.மீ. தாண்டினா வேண்டாம். கேஜ் இல்லாட்டி, கைக்கு அந்த அசைவு தெரிஞ்சாலே சந்தேகப்படுங்க. பக்கத்துக்குப் பக்கம் ஆடுறது பிளேன் பெயரிங்ல கொஞ்சம் இருக்கும், ஒயில் இல்லாதபோது அது சாதாரணம். ஆனா ஆட்டிப் பார்க்கும்போது சக்கரம் சுவரில தொட்டா முடிஞ்சுது. டர்பைன் வீட்டுக்குள்ள, வேஸ்ட்கேட் ஓட்டைக்கும் சக்கர வாய்க்கும் நடுவில வெடிப்பு இருக்கும். மயிரிழை எண்டா பரவாயில்லை, மறுபக்கம் போயிருந்தா லீக். வேஸ்ட்கேட் தட்டு முழுசா இருக்கையில உக்காருதா, கைப்பிடித் தண்டு புஷ்ல ஆடுதா எண்டும் பாருங்க. தட்டு உக்காராத டர்போ எவ்வளவு சின்னதா இருந்தாலும் பிந்தித்தான் ஏறும். பலபேர் "டர்போ பெரிசு" எண்டு மாத்தினதுக்குக் காரணம் இந்தத் தட்டுத்தான்.

விலை மலிவான புதுப் பிரதி வாங்கிறதை விட, நல்ல உடம்பு உள்ள பழைய அசல் ஒண்டை எடுத்து, புதுக் கிட் போட்டு, சுத்துற பாகத்தை பலன்ஸ் பண்ணி எடுக்கிறது நல்லம். பலன்ஸ் அறிக்கையைக் கேட்டு வாங்குங்க. நிமிசத்துக்கு ஒரு லட்சத்தைத் தாண்டிச் சுத்துற சாமான் இது.

செங்கலடிச்_சந்தி:
ஒயில் லைன்ல ரெஸ்ட்ரிக்டர் போடவேணுமா? போல் பெயரிங்குக்கு 0.9 – 1 மி.மீ. சொல்லுவாங்க.

அக்கரை_ஒயில்:
போல் பெயரிங்குக்கு ஓம். டிடி04 மாதிரிப் பிளேன் பெயரிங்குக்கு அதைப் போட்டா பெயரிங் காஞ்சு செத்துப்போகும். அதின்ர சொந்த பெஞ்ஜோ போல்ட்ல இருக்கிற துளையே காணும். பிழை நடக்கிறது உள்ள போற குழாயில இல்லை, வெளிய வாற குழாயில. வடி குழாய் உள்விட்டம் 16 மி.மீ.க்குக் குறையக்கூடாது, கீழ்நோக்கியே போகவேணும், எங்கயும் தொங்கி மேல ஏறக்கூடாது, சம்ப்ல ஒயில் மட்டத்துக்கு மேல சேரவேணும். டர்போவின்ர வடி வாய் நேர்கீழில இருந்து 35 பாகைக்கு மேல சரியக்கூடாது. இது பிழைச்சா ஒயில் உள்ள தேங்கி, சீலைத் தாண்டி, நீலப் புகை வரும். உடன "சீல் போச்சு" எண்டு டர்போவைக் கழட்டுவாங்க. டர்போவில ஒரு பிழையும் இருக்காது. கிராங்க் கேஸ் காத்து வெளிய போற பிசிவி குழாய் அடைச்சாலும் இதே புகைதான், அதையும் பாருங்க.

தண்ணிக் குழாய் ரெண்டும் கட்டாயம் பூட்டுங்க. உள்ள போறது கீழ, வெளிய வாறது மேல, தொடர்ந்து ஏறிக்கொண்டே போகவேணும். எஞ்சின் நிண்ட பிறகு சூட்டாலயே தண்ணி தானா ஓடி பெயரிங்கைக் காப்பாத்தும். குழாய் நடுவில மேடு பள்ளம் இருந்தா அங்க ஆவி நிண்டு ஓட்டம் நிக்கும்.

கல்முனை_மெப்:
இனி பெற்றோலும் மெப்பும்.

இன்ஜெக்டர் (பெற்றோல் குணகத்தைக் கொஞ்சம் கூட்டி 0.6; மணிக்கு இறாத்தலை நிமிசத்துக்குச் சிசி ஆக்க 10.5; இன்ஜெக்டர் 4, திறந்திருக்கிற பங்கு 0.8): 160 × 0.6 × 10.5 ÷ (4 × 0.8) = 315 சிசி. 360க்குக் கிட்ட ஒரு செட் எடுங்க, அதுக்கு மேல போனா ஐடிலிங் குழம்பும். பம்ப்: இந்த வலுவுக்கு மணிக்கு 60 லீற்றர் போகுது, ஆனா அமுக்கம் 3 + 0.92, கிட்டத்தட்ட 4 பார். 4 பாரில 130 – 150 லீற்றர் தள்ளுற பம்ப் காணும். பழைய வயரை நம்பாதீங்க, பற்றறியில இருந்து ரிலேயோட புது வயர் இழுங்க. முழு மிதியில பம்ப் முனையில 13 வோல்ட்டுக்குக் குறைஞ்சா பம்ப் எவ்வளவு பெரிசெண்டாலும் பிரயோசனமில்லை.

பிளக் ஒரு படி குளிரானது, இடைவெளி 0.7 மி.மீ.

கொம்பனி ஈசியூவில பூஸ்ட் கூடினா பெற்றோலை வெட்டுற எல்லை இருக்கு. அதை ஏமாத்துற பெட்டி பூட்டாதீங்க. மெப் பண்ணக்கூடிய ஈசியூ, வைட்பேண்ட் (காத்து-பெற்றோல் விகிதம் காட்டுற சென்சர்), நொக் கேக்கிற ஹெட்போன், இந்த மூண்டும் இல்லாம இந்த டர்போவை ஸ்டார்ட் பண்ணவேண்டாம். முழு பூஸ்ட்ல விகிதம் 11.5 – 11.8.

வேஸ்ட்கேட் அக்சுவேட்டர் (தட்டைத் திறக்கிறது) 0.6 பார் ஸ்பிரிங் எடுங்க. அதுக்கு மூண்டு வாய் சொலினொய்ட் (ஈசியூ மின்சாரத்தால திறந்து மூடுற வால்வ்). சாதாரணமா அக்சுவேட்டருக்குப் பூஸ்ட் நேரா போனா 0.3, 0.4 பாரிலேயே தட்டு மெல்லத் திறக்கத் தொடங்கிப் புகைக்காத்து வீணாகும். சொலினொய்ட் இலக்குக்குக் கிட்ட வரும்வரைக்கும் அக்சுவேட்டருக்கு ஒண்டும் போகவிடாது. டர்போவை மாத்தாமலே 200, 300 ஆர்பிஎம் முன்னால பூஸ்ட் வாறது இதாலதான். தண்டைப் பூட்டும்போது 1.5 – 2 மி.மீ. இழுத்துக் கொழுவுற அளவு இறுக்கம் வையுங்க. அளவுக்கு மிஞ்சி இறுக்கினா தட்டு திறக்கிற தூரம் குறைஞ்சு, 5500க்கு மேல பூஸ்ட் கட்டுப்பாடில்லாம ஏறும்.

இப்ப முக்கியமானது. சின்ன டர்போவால 2800லயே 0.92 பார் வரலாம், ஆனா வந்தவுடன குடுக்காதீங்க. குறைஞ்ச ஆர்பிஎம்மில ஒவ்வொரு வெடிப்புக்கும் நேரம் கூட, பெற்றோல் தானா வெடிக்க அவகாசமும் கூட. மத்தியான வெய்யில்ல, ஏசி போட்டு, நாலாம் கியர்ல 2800ல மிதிக்கிறதுதான் இந்த எஞ்சினுக்கு ஆகக் கொடுமையான இடம். 3000ல 0.7, 3500ல 0.8, 4000க்குப் பிறகு 0.92 எண்டு பூஸ்ட் மெப் போடுங்க. இன்டேக் காத்து 60 பாகை தாண்டினா இக்னிஷனைப் பின்னுக்கு இழுத்து, பூஸ்டை 0.6க்கு இறக்கிற அட்டவணையும் வையுங்க. மிதிச்ச உடன இழுவை இருக்கெண்டு ஓட்டுறவருக்குத் தெரியிறது 0.7லயே தெரியும். கியர்பெட்டிக்கும் அது நல்லம்.

கல்லடி_ஸ்டார்லெட்:
பூட்டின பிறகு சரியா வேலை செய்யுதா எண்டு எப்படி அளக்கிறது நானா? மனசுக்குப் படுறதை வைச்சுச் சொல்ல ஏலாதே.

கல்முனை_மெப்:
ஈசியூ லொக் எடுங்க. ரெண்டாம் கியர்ல 2000ல இருந்து முழு மிதி, 4500ல விடுங்க. அது 30இல தொடங்கி 70க்குள்ள முடியும், ஆளில்லாத வெளி றோட்டில செய்யலாம். ஆர்பிஎம், பூஸ்ட், வேஸ்ட்கேட் சொலினொய்ட் வீதம், விகிதம், காத்து வெப்பம் அஞ்சும் பதியுங்க. 0.5 பார் எத்தனையில, 0.7 எத்தனையில எண்டு குறிச்சுவையுங்க. ரெண்டாம் கியர்ல எஞ்சின் கெதியா ஏறுறதால பூஸ்ட் பிந்தி வாற மாதிரித் தெரியும், நாலாம் கியர்ல இதே டர்போ முன்னாலயே வரும். அதால கியருக்குக் கியர் ஒப்பிடாதீங்க. நாலாம் கியர் அளவு வேணுமெண்டா டைனோவுக்குப் போங்க. ரெண்டாவது சோதனை: அதே கியர்ல 3000ல ஒரே சீரா ஓடிக்கொண்டு இருந்து முழுசா மிதிச்சு, இலக்குப் பூஸ்டின்ர 90 சதவீதம் வர எத்தனை செக்கன்? ஒரு செக்கனுக்குள்ள வந்தா இந்த எஞ்சினுக்கு நல்லம். ஒண்டரையைத் தாண்டினா எங்கயோ லீக்.

வாவிக்கரை:
லீக் பார்க்கிறது இப்படி. பில்டரைக் கழட்டி, கம்ப்ரசர் வாய்க்கு ஒரு மூடி செய்து, அதில டயர் வால்வ் ஒண்டு பூட்டுங்க. பிசிவி குழாயை அடையுங்க. கொம்பிரசர்ல ரெகுலேட்டரை 0.2இல தொடங்கி மெல்ல மெல்ல 0.9 பாருக்கு ஏத்துங்க. எடுத்த எடுப்பில முழு அமுக்கம் குடுத்தா, திறந்த வால்வ் வழியாக் கிராங்க் கேஸுக்குப் போய் சீலைத் தள்ளும், அதால ஒயில் மூடியைக் கழட்டி வையுங்க. சவர்க்காரத் தண்ணி தெளிச்சுப் பாருங்க: இன்டர்கூலர் மூட்டுகள், புளோஓஃப் வால்வ் (மிதியை விட்டவுடன மிஞ்சின பூஸ்டை விடுறது) டயபிராம், திரொட்டில் தண்டின் ரெண்டு பக்கம், இன்ஜெக்டர் ஓ-ரிங், பிரேக் பூஸ்டர் குழாய் வால்வ். ஒயில் மூடியால கொஞ்சம் காத்து வாறது ரிங் வழியா, அது இருக்கும். மத்த இடத்தில குமிழி வரக்கூடாது.

செங்கலடிச்_சந்தி:
புளோஓஃப் வால்வ் வெளிய ஊதவிடலாமா, இல்ல திருப்பி விடவேணுமா?

வாவிக்கரை:
4ஈ-எஃப்டிஈ காத்தை அளக்கிறது மனிஃபோல்ட் அமுக்க சென்சரால, அதால வெளிய விட்டாலும் பெற்றோல் கணக்குப் பிழைக்காது. ஆனா திருப்பி கம்ப்ரசர் வாய்க்கு விட்டா கியர் மாத்தும்போது சக்கரத்தின்ர வேகம் கொஞ்சம் மிஞ்சும், ஊருக்குள்ள சத்தமும் இருக்காது. திருப்பி விடுங்க.

கல்லடி_ஸ்டார்லெட்:
டிடி04எல்-13டி, 5 வீடு தேடுறன், கிடைக்காட்டி 6. கடைசியா ஒண்டு: பூட்டி முடிச்சு முதல் ஸ்டார்ட் எப்படி?

அக்கரை_ஒயில்:
டர்போவின்ர ஒயில் வாய்க்குள்ள சுத்தமான ஒயில் விட்டு, கம்ப்ரசர் பக்கத்தால சக்கரத்தைக் கையால சுத்துங்க, ஒயில் உள்ள பரவும். ஒயில் குழாயைப் பூட்டுறதுக்கு முதல் உள்ளுக்கக் காத்தடிச்சுச் சுத்தம் பண்ணுங்க. திரெட் சீல் நாடா இந்த லைன்ல எங்கயும் சுத்தாதீங்க, ஒரு துண்டு பிஞ்சு போனா துளையை அடைச்சிடும். இன்ஜெக்டர் பியூசையும் இக்னிஷன் கொயில் சொக்கெட்டையும் கழட்டி, பத்து பத்து செக்கனா ஸ்டார்ட்டரைச் சுத்துங்க, ஒயில் லைட் அணையிற வரைக்கும். பிறகு வடி குழாயைச் சம்ப் பக்கம் கழட்டிப் பிடிச்சு, சுத்தும்போது ஒயில் வழிஞ்சு வருதா எண்டு பாருங்க. வந்தா மட்டும் பூட்டி, பியூசைப் போட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. பத்து நிமிசம் ஐடிலிங்ல விட்டு மூட்டுகளைப் பாருங்க. கூலன்ட்ல காத்து எடுக்க ஹீட்டரைத் திறந்து வையுங்க. ஒயில் 5டபிள்யூ-40 முழு சிந்தெடிக். முதல் 500 கிலோமீற்றர்ல ஒயிலையும் பில்டரையும் மாத்தி, சூடு ஆறினபிறகு மனிஃபோல்ட் நட்டெல்லாம் ஒருக்கா டோர்க் ரெஞ்சால திருப்பி இறுக்குங்க. அதுக்குப் பிறகு 5000க்கு ஒருக்கா ஒயில்.